சிவப்புக் கிண்ணம்

விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று அச்சாபீசிலிருந்து இரண்டு பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். புது மிஷின் வந்திருக்கிறதாம். எல்லாக் கலரையும் ஒரே ஓட்டத்தில் அடித்துத் தள்ளிவிடுமாம். அதற்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு மலர். "பழைய ஆளுங்கள்ல நீங்க ஒருத்தங்கதாம்மா இருக்கீங்க. உங்க அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. உறையூரில் ஒரு மூலையில் கிடக்கிறவளை ஞாபகம் வைத்துக்கொண்டு வந்தார்களே என்று காப்பி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவர்களே வண்டி வைத்து அழைத்துப் போய், பழைய சாமான்களை அடுக்கி வைத்திருக்கிற அறையைக் காட்டினார்கள். அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் புத்தகம் இருந்தது. 'நம் வீட்டு நல்ல நாட்கள்' என்ற குழந்தைகள் படப் புத்தகம். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, ஓர் அத்தை. அந்தக் குடும்பம் பொங்கலிலிருந்து கார்த்திகை வரைக்கும் கொண்டாடுகிற பண்டிகைகள், பக்கத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் அழகான எழுத்தில் ஓர் அட்டை: 'யுத்த காலத்தில் சுமங்கலிப் பெண்கள் மங்கலகரமாகக் கையால் வண்ணம் தீட்டிய புத்தகம்.'

பொய். பச்சைப் பொய். அந்தப் புத்தகத்துக்கு மஞ்சள் போட்டவள் நான். என் புருஷன் செத்து அப்போதே ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் படங்களில் அம்மாவின் நெற்றிக்குப் பொட்டு வைத்தது யார் என்று இந்த அட்டையை எழுதின புண்ணியவானுக்குத் தெரியுமா? தெரிந்தவர்கள் எல்லாம் வாயைத் திறக்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் அப்படிப் போவதாக இல்லை. இதை மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் கிடக்கட்டும். எழுதச் சொன்னது அவர்கள்.

என் வீட்டுக்காரர் அதே அச்சாபீசில் ஈய எழுத்துக் கோக்கிற கம்போசிட்டர். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் அப்போது ஆபீஸ் இருந்தது. வாந்திபேதியில் ஒரே நாளில் போய்விட்டார். கையில் நாலு வயதுப் பெண் குழந்தை. காரியம் முடிந்த மறு வாரமே மேனேஜர் ஆள் அனுப்பித் தாள் மடிக்கிற வேலைக்கு வரச் சொன்னார். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். மடித்தேன், தைத்தேன், பசை காய்ச்சினேன். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு வீட்டுக்காரர் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார், அதனால் பக்க வரிசை தப்பாமல் அடுக்கவும் பழகிக்கொண்டேன். ஐந்து வருஷம் இப்படியே ஓடிற்று.

அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. சீமையிலிருந்து வருகிற கலர் மை நின்றுபோனது. கறுப்பு மையே ரேஷன் மாதிரி அளந்து அளந்துதான் கிடைத்தது. படப் புத்தகத்தைக் கறுப்புக் கோட்டில் அடித்து, கலரைக் கையால் போட்டால் என்ன என்று மேனேஜருக்கு யோசனை வந்தது. நல்ல யோசனைதான். அதற்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்தோம்.

முதலில் மேனேஜரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராகவாச்சாரி ஸ்ரீரங்கத்துக்காரர். காவேரியில் குளித்து, பெருமாளைச் சேவித்துவிட்டு, ஈரம் காயாத திருமண்ணோடு ஜட்கா வண்டியில் வந்து இறங்குவார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் குடிதண்ணீர்க் கூஜா. வந்ததும் கைகழுவி, கோட்டுப் பையிலிருந்து பட்டுத் துணியில் சுற்றின பூதக்கண்ணாடியை எடுப்பார். வடக்கு ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டு ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "கோடு தாண்டலியே?" என்று தாளைத்தான் கேட்பார், நம்மைக் கேட்க மாட்டார். கலர் கோட்டுக்குள் நின்றிருந்தால் கீழ் மூலையில் பென்சிலால் 'ரா' என்று ஒரு சின்ன எழுத்து. தாண்டியிருந்தால் மூலையை லேசாக மடித்து அவரவர் முன்னால் வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்டினால்கூடத் திருப்பித் திட்டலாம், மடித்த மூலையை என்ன செய்வது?

வேலை செய்கிற முறை இதுதான். கலருக்கு ஒரு மெல்லிய தகடு. எங்கெங்கே அந்தக் கலர் வரவேண்டுமோ அங்கங்கே வெட்டின ஓட்டை. தகட்டைப் படத்தின்மேல் பொருத்தி வைத்து, கட்டைப் பிரஷால் கலரைத் தட்டவேண்டும். முதலில் மஞ்சள், அது காய்ந்தபின் பச்சையும் நீலமும், கடைசியில் சிவப்பு. கலரை நாங்களே கரைத்துக்கொள்வோம். பொடி, கருவேலங்கோந்துத் தண்ணீர், கோந்து வெடிக்காமல் இருக்க ஒரு கிண்ணத்துக்கு ஒரு சொட்டுத் தேன். ஒரே ஒரு சொட்டு. ஆரம்பத்தில் நான் தாராளமாக மூன்று சொட்டு விட்டுவிட்டேன். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள் கொத்தையெல்லாம் எறும்பு வந்து சுத்தமாகத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மூலை மடித்த தாளாக ஒரு கட்டு முழுக்க என் முன்னால் வந்து உட்கார்ந்தது. அதோடு தேன் விஷயத்தில் எனக்குப் புத்தி வந்தது.

பொட்டுக்கு மட்டும் தகடு கிடையாது. அவ்வளவு சின்ன ஓட்டை வெட்ட முடியாது. அணில்முடிப் பிரஷை நேர்க்குத்தாகப் பிடித்து, மூச்சை அடக்கி, தொட்ட மாதிரியும் தொடாத மாதிரியும் வைத்து எடுக்கவேண்டும். ஒரு நொடி தாமதித்தால் அம்மாவின் மூக்கு வரைக்கும் சிவப்பு இறங்கிவிடும். கை நிதானம் எனக்குத்தான் அதிகம் என்று மேனேஜருக்கே தெரியும், கோலம் போட்டுப் பழகின கை, சுண்டுவிரலைக்கூட அசைக்காமல் பிடிப்பேன். அதனால் கிண்ணங்களைப் பங்கு வைத்த அன்றைக்கு நானே வாய்விட்டுக் கேட்டேன்.

"சிவப்பை எங்கிட்ட குடுத்துடுங்க சாமி."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தார். "தனபாக்கியம், தப்பா நெனச்சுக்காதேம்மா. கொழந்தேள் பாக்கற புஸ்தகம். பண்டிகைப் புஸ்தகம் வேற. மங்களமா ஆரம்பிக்கணும்" என்றார். சிவப்புக் கிண்ணத்தை லோகாம்பாள் முன்னால் வைத்தார். மஞ்சள் எனக்கு. பச்சையும் நீலமும் மேரிக்கு. மேரி பாலக்கரைக் கிறிஸ்தவப் பெண், கல்யாணம் ஆகாதவள்.

பொட்டு மட்டும் என்றால்கூடப் பொறுத்திருப்பேன். சிவப்பு மொத்தமும் எனக்கு ஆகாது என்றாகிவிட்டது. மத்தாப்பு, செம்பருத்தி, மிளகாய்ப் பழம், கார்த்திகை அகல் சுடர், கூண்டுக் கிளியின் மூக்கு எதையும் நான் தொடக்கூடாது. "ஏண்டி லோகா, கிளி மூக்குக்குக்கூட நான் ஆகாதா? அந்தக் கிளியும் சுமங்கலிதானா, கேட்டுச் சொல்லு" என்பேன். லோகா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார், காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியாது.

லோகா வரகனேரியில் இருந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். புருஷன் ரங்கூனில் அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். இரண்டு பிள்ளைகள். பணமும் கடுதாசியும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது என்று பேப்பரில் வந்த நாளிலிருந்து இரண்டும் நின்றுவிட்டது. பர்மாவிலிருந்து சனங்கள் காடு மலையெல்லாம் நடந்தே வருகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். "அவருக்கு நடக்கறதுன்னா சோறு சாப்பிடற மாதிரிக்கா. மெதுவா வந்துடுவாரு" என்பாள். தினமும் நெற்றியில் பெரிய குங்குமம் வைத்துக்கொண்டு வந்து, படத்து அம்மாவுக்கும் பன்னிரண்டு பக்கத்திலும் பொட்டு வைப்பாள். எதிர்ப்பலகையில் உட்கார்ந்து மஞ்சளைத் தட்டிக்கொண்டே நான் பார்ப்பேன். கோபம் அவள்மேல் இல்லை. அந்தக் கிண்ணத்தைப் பார்த்தால்தான் வரும்.

அந்த வருஷம் ஆடிப் பெருக்குக்கு அவள் ஸ்ரீரங்கத்துக்குப் போய், அம்மா மண்டபத்துப் படித்துறையில் குளித்துப் புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். எனக்கும் மேரிக்கும் காப்பரிசி கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பதினைந்து நாள்கூட ஆகியிருக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கிற நேரம், வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். தாடி, வீங்கின கால், கையில் ஒரு தகரப் பெட்டி. அது தன் புருஷன் கொண்டுபோன பெட்டி என்று பார்த்ததுமே லோகாவுக்குத் தெரிந்துவிட்டது. கையில் இருந்த பிரஷைத் தண்ணீரில் அலசினாள். துணியில் துடைத்தாள். பிரஷ் வைக்கிற குவளையில் நிமிர்த்தி வைத்தாள். அப்புறம்தான் வாய் திறந்தாள்.

"எந்த மாசம்?"

"மாசிம்மா. சிவராத்திரிக்கு மறுநாள். காச்சல்... மூணு நாள் தூக்கிட்டு வந்தோம்..." அவர் மேலே சொல்ல முடியாமல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நானும் மேரியும் அவளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வழியெல்லாம் அவள் அழவில்லை. "நான் ஆடிக்குக் கயிறு மாத்துனேனேக்கா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.  அரற்றினதெல்லாம் நான்தான்.

மறுநாள் நான் ஆபீசுக்கு வந்தபோது ராகவாச்சாரி எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். மேஜை முழுக்கக் கட்டுச் சீட்டுகள். ஐம்பது தாள் ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சீட்டு உண்டு, எந்தக் கலரை யார் எந்த மாசம் எந்தத் தேதியில் போட்டது என்று அதில் எழுதியிருக்கும். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி.

எனக்கு முதலில் புரியவில்லை. அவளுக்கு ஏதோ உதவி செய்யத்தான் கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன், அப்படி ஒரு பைத்தியக்காரி நான்.

"மாசி சிவராத்திரிக்கு அப்புறம் வெச்ச பொட்டெல்லாம் தோஷம். உள்ளே இருக்கற கட்டைத் தனியா எடுத்து வெச்சுடு. ஸ்ரீரங்கம், திருவெள்ளறை, லால்குடின்னு பள்ளிக்கூடங்களுக்குப் போனதைக் கடுதாசி போட்டுத் திருப்பி வாங்கிண்டுடலாம். அவா கேட்டா அச்சுப் பிழைன்னு சொல்லிக்கலாம்" என்றார். அதே மெல்லிய குரல்.

"லோகா?" என்றேன்.

"பாவம். கஷ்டம்தான். ஆனா அவளை இனிமே வரச் சொல்ல வேண்டாம். சிவப்பு அவளுக்கு இல்லே. மத்த கலருக்கு நீங்க ரெண்டு பேர் இருக்கேளே."

 புருஷன் காட்டில் செத்த சேதி நேற்றுத்தான் வந்தது. இன்றைக்கு அவள் பிள்ளைகள் வாயிலும் மண். எதற்கு? அவளுக்கே தெரியாத ஒன்றுக்காக. மாசி மாசம் அவள் நல்லவள், சிவராத்திரி அன்றைக்கும் நல்லவள், மறுநாள் காலையிலிருந்து தோஷம். இடையில் எத்தனையோ மலை, எத்தனையோ ஆறு. அவள் கைக்கு எப்படித் தெரியும்? பிரஷுக்கு எப்படித் தெரியும்?

"சாமி, ஒண்ணு கேக்கறேன். பங்குனியில உங்க பேத்திக்குன்னு ஒரு புஸ்தகம் எடுத்துட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அதுலயும் லோகா வெச்ச பொட்டுதான். பன்னெண்டு பொட்டு. அஞ்சாறு மாசமா உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு. உங்க வீட்டம்மா நெத்தியில குங்குமம் இருக்கா இல்லையா?"

"என்ன பேச்சு பேசறே நீ!" அன்றைக்குத்தான் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டேன்.

"கேக்கவே வேணாம் சாமி. நீங்கதான் முழுசா என் முன்னால நிக்கிறீங்களே!"

கம்போசிங் பக்கத்தில் எழுத்துப் பொறுக்குகிற சத்தம் நின்றுபோனது. எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. என் பெண் அப்போது மேலப்புலிவார்டு ரோட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். இந்த வாய்க்கு நம்மையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சீட்டுகளை மெதுவாக அடுக்கினார். பள்ளிக்கூடங்களுக்கு எழுத எடுத்து வைத்திருந்த காகிதத்தை மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். "ரங்கா" என்று ஒரு தரம் சொன்னார். போன புத்தகம் போனதாக இருந்துவிட்டது. ஆனால் லோகா வேண்டாம் என்கிறதில் மாற்றமில்லை.

தீபாவளிக்கு முன்னால் பெரிய ஆர்டர் ஒன்று அனுப்பியாகவேண்டும். மஞ்சளும் பச்சையும் நீலமும் முடித்த தாள்கள் கட்டுக்கட்டாகச் சிவப்புக்காகக் காத்திருந்தன. மேரி வேற்று மதம், அவளும் ஆகாது. புதிதாக ஒரு சுமங்கலியைத் தேடிப் பிடித்து வந்தார்கள். நல்ல பெண்தான் பாவம், கை உதறியது. அவள் வைத்த பொட்டெல்லாம் புருவத்தில் போய் விழுந்தது. இரண்டாம் நாள் அவளே வரவில்லை. அப்புறம் ராகவாச்சாரி என்ன செய்தார் தெரியுமா? கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தானே பலகையில் வந்து உட்கார்ந்தார்.

"தெனமும் நெத்தியிலே செவப்பா ஸ்ரீசூர்ணம் இட்டுக்கற கை. ஒரு பொட்டு வைக்க வராதா?" என்றார். கலரையும் அவரேதான் கரைத்தார், நான் கரைத்துக் கொடுத்தால் கிண்ணத்துக்கு ஆகாதே. கோந்து திரிந்துகொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் தேன், இன்னும் கொஞ்சம் தேன் என்று விட்டுக்கொண்டே இருந்தார். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பகல் முழுக்க முதுகு ஒடிய உட்கார்ந்து ஒரு கட்டு முடித்தார். பொட்டு கொஞ்சம் நீளவாட்டில் நாமம் மாதிரித்தான் விழுந்தது, ஆனாலும் பொட்டு. காயட்டும் என்று பரப்பி வைத்துவிட்டு, சந்தோஷமாக ஜட்கா ஏறினார்.

காலையில் வந்து பார்த்தால் எறும்பு. சாரை சாரையாக. ஐம்பது அம்மாவின் நெற்றியும் வெறும் நெற்றி. ஒரு சுமங்கலி இல்லை. நானும் மேரியும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சிரித்துத் தொலைத்திருப்போம். அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். கடைசித் தாள் வரைக்கும் பார்த்தார். அப்புறம் ஐம்பது தாளுக்கும் மூலையை அவரே மடித்தார். அப்போது மட்டும் எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

சிவப்புக் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது.

"கதவைச் சாத்திண்டு பண்ணு. நான் பாக்கலை."

எத்தனை மாசமாக நான் ஏங்கின கிண்ணம். கையை நீட்டி எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுக்கவில்லை.

"ரெண்டு பேரும் வெக்கிறோம் சாமி. நானும் லோகாவும். அவ வந்தாத்தான் நான் பிரஷைத் தொடுவேன்."

"அவளா? இன்னும் காரியம்கூட..."

"பதினாறு முடிஞ்சு நாலு நாளாச்சு. வீட்டுல சும்மா உக்காந்து மோட்டுவளையைப் பாத்துட்டிருக்கா. ரெண்டு பேரும் இல்லேன்னா இந்தத் தீபாவளிக்கு உங்க படத்து அம்மா மூளி நெத்தியோடதான் மத்தாப்பு கொளுத்தணும்."

"மத்தாப்புக்கும் செவப்பு கெடையாது" என்று மேரி எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு அவ்வளவு தைரியம் உண்டு என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

லோகா வந்தாள். வெள்ளைப் புடவை. நெற்றியில் குங்குமம் இருந்த இடத்தில் தோல் வெளுத்துத் தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் தேனை ஒரே ஒரு சொட்டு விட்டுக் கலர் கரைத்தேன். என் முதல் பொட்டைக் கைநடுக்கம் இல்லாமல்தான் வைத்தேன். வைத்த பிறகு கண் மறைத்துவிட்டது, அடுத்த தாளை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. லோகா வைத்துக்கொண்டே போனாள். முன்பு வைத்ததைவிடக் கச்சிதமாக வைத்தாள்.

இரண்டாம் நாள் தீபாவளிப் பக்கம் வந்தது. அந்தப் படத்தில் அப்பா, அம்மா, குழந்தைகள் முற்றத்தில் நிற்பார்கள். அத்தை சமையலறைக் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து, பலகாரத் தட்டோடு நிற்பாள். புருஷன் இல்லாத அத்தை. அவளுக்கு எந்தத் தகட்டிலும் ஓட்டை கிடையாது. புடவைக்கும் கிடையாது, நெற்றிக்கும் கிடையாது. தாள் எப்படி வெள்ளையோ அப்படியே அவளும். அவள் கையிலிருந்த அதிரசத்துக்கு மட்டும் நான் மஞ்சள் போட்டிருந்தேன். சாயங்காலம் லோகா முடித்த தாள்களை அடுக்கும்போது எனக்கு ஏதோ உறுத்தியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அத்தை நெற்றியில் பொட்டு. கடுகு மாதிரி, ஆனால் நட்டநடு நெற்றியில். அடுத்த தாளிலும் இருந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது.

"ஏய் லோகா! என்னடி பண்ணி வெச்சிருக்கே? அவர் பாத்தா இன்னிக்கே ரெண்டு பேரையும் வெளிய தள்ளிடுவாரு!"

அவள் பிரஷை அலசிக்கொண்டிருந்தாள். "அவளுக்கும் தீபாவளிதானேக்கா" என்றாள்.

 என் பங்குத் தாள்களை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு அத்தைக்கும் வைத்தேன்.

மறுநாள் காலையில் ராகவாச்சாரி ஜன்னலடியில் நின்றார். கட்டு அவர் கையில்.  லோகா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், அவள் பிள்ளைகளின் சோறு அந்தக் கட்டில்தான் இருந்தது. முதல் தாளைப் பிடித்தார். பூதக்கண்ணாடி அம்மாவின் நெற்றிக்குப் போயிற்று, குழந்தைகளிடம் போயிற்று, மத்தாப்புக்குப் போயிற்று, கதவுப் பக்கம் போயிற்று. அங்கே நின்றது. எடுக்கவே இல்லை. தெருவில் ஒரு தயிர்க்காரி கூவிக்கொண்டே போய், அந்தக் குரல் தேய்ந்து மறைகிற வரைக்கும் அங்கேயே நின்றது. பிறகு பென்சிலை எடுத்துக் கீழ் மூலையில் 'ரா' என்று போட்டார். அடுத்த தாளை எடுத்தார். அதிலும் போட்டார்.

பார்த்தார். எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு மயிரிழை கோடு தாண்டினால் கண்டுபிடிக்கிறவருக்கு அது தெரியாமல் போகுமா?

இதோடு கதையை முடித்து, 'அவரும் நல்லவர்தான்' என்று எழுதினால் எல்லாருக்கும் திருப்தியாக இருக்கும். முடிக்க முடியாது. தைத்து முடித்த புத்தகங்களுக்கு மேலட்டை வந்தது. அதில் புதிதாக ஒரு வரி அச்சடித்திருந்தார்: 'சுமங்கலிகள் கைவண்ணம்.' அதற்கு முன்னால் அந்த வரி கிடையாது. உண்மையான சுமங்கலி வைத்துக்கொண்டிருந்த காலத்தில்கூட அப்படி ஒரு வரி தேவைப்படவில்லை. நாங்கள் வைத்த பிறகுதான் தேவைப்பட்டது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர் மேஜைக்குப் போனேன். "இது என்ன சாமி?"

"வாங்கறவாளுக்கு ஒரு திருப்தி. அவ்வளவுதான். உங்க ரெண்டு பேர் வேலையும் பத்திரமா இருக்கு, பாத்தியா. அத நெனச்சுக்கோ."

வேலை பத்திரமாகத்தான் இருந்தது. யுத்தம் முடிந்து மை வருகிற வரைக்கும் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவரும்தான் சிவப்புப் போட்டோம். வெளியே யார் கேட்டாலும் சுமங்கலிகள் என்றுதான் சொல்லவேண்டும். லோகா தன் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். நானும் என் பெண்ணைப் படிக்க வைத்தேன். அதற்கு நன்றி வேறு, இதற்குக் கோபம் வேறு. கண்ணில் பூதக்கண்ணாடி வைத்து உண்மையைப் பார்த்துவிட்டு, அதன்கீழே கையெழுத்தும் போட்டுவிட்டு, மேலட்டையில் பொய்யை அச்சடித்தாரே, அந்த மனிதரை என்னால் இன்றுவரைக்கும் மன்னிக்க முடியவில்லை. எங்களை எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால் மன்னித்திருப்பேன். அவர் போய்ப் பல வருஷம் ஆயிற்று. லோகாவும் போன தை மாசம் போய்விட்டாள். நெற்றியில் ஒன்றும் இல்லாமல்தான் போனாள்.

கண்ணாடிப் பெட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "தம்பி, இதைத் திறந்து தீபாவளிப் பக்கத்தை எடு" என்றேன். பிள்ளைகள் தயங்கினார்கள், அப்புறம் திறந்தார்கள். எனக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. "கதவுப் பக்கத்துல ஒரு அம்மா நிக்கிறாளா? நெத்தியைப் பாத்துச் சொல்லு" என்றேன்.

"வெள்ளைப் புடவை... பொட்டு வெச்சிருக்காங்கம்மா. கீழ பென்சில்ல 'ரா'ன்னு போட்டிருக்கு. இது யாரு?"

யார் என்று சொன்னேன். முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒருத்தன், "இப்ப எதுக்கும்மா அதெல்லாம், அட்டை நல்லா மங்கலமா இருக்குதே, விழாவுக்குப் பெரிய மனுஷங்க வராங்க" என்றான். அதே பேச்சு. ஆள்தான் வேறே.

அட்டையை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டு அரிசி டின்னுக்குக் கீழே இருக்கிறது. விழாவுக்கு அட்டை வேண்டுமென்றால் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளட்டும். இரண்டே வரி போதும்: 'மஞ்சள், பச்சை, நீலம்: தனபாக்கியம், மேரி. சிவப்பு: லோகாம்பாள், தனபாக்கியம். இருவரும் புருஷனை இழந்தவர்கள்.' அப்படி எழுதி எடுத்துக்கொண்டு வந்தால் காப்பி போட்டுக் கொடுக்கிறேன்.